ஏரியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்க

பழைய வரைபடம் விற்கிற கடைக்கு வருகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஊர் எப்படி இருந்தது என்று பார்க்க வருவதில்லை. தங்கள் வீடு ஏரிக்குள் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கத்தான் வருகிறார்கள்.

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்கள், இன்னும் அலைந்துகொண்டிருப்பவர்கள், கிடைத்த வீட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார்களோ என்று பயந்து பேச்சை மாற்றுகிறவர்கள் எல்லோரும் என் கூட்டம்தான். நான் பட்டதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வது?

மயிலாப்பூரில் குளத்திலிருந்து நாலு தெரு தள்ளி, கட்டடங்களின் பிளானைப் பெரிய அளவில் நகல் எடுத்துத் தருகிற கடை என்னுடையது. சில வருஷங்களுக்கு முன் ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர், அரை வேட்டி அகலத்துக்கு ஒரு பழைய தாளைச் சுருட்டிக்கொண்டு வந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் தெற்குப் பக்கக் கிராமங்களை அளந்து வரைந்த படம். மாம்பலத்து ஏரி, வேளச்சேரி ஏரி, ஆதம்பாக்கத்து ஏரி, நடுவில் வயல், கிணறு, வண்டிப்பாதை. தண்ணீருக்கு நீலம், மேட்டுக்குப் பழுப்புக் கோடு, பனைக்கு ஒரு குட்டிக் குடை. மேல் ஓரத்தில் மயிலாப்பூரும் போனால் போகிறது என்று கொஞ்சம் எட்டிப் பார்க்கும். நீங்களும் ஒரு நகல் வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். அதைச் சுவரில் மாட்டிய நாளிலிருந்து கடையில் பிளான் வேலையைவிட ஏரி வேலைதான் அதிகம்.

இதில் எனக்கும் ஒரு சொந்தக் கவலை இருந்தது. அபிராமபுரத்தில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். என் கணவர் ரகு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். அவரும் நானும் ஞாயிறு தோறும் அலைந்து, கடைசியில் ஆதம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு வீட்டைப் பிடித்திருந்தோம். காற்று வரும், வெளிச்சம் வரும், பக்கத்தில் ரயிலும் உண்டு. அது நீலத்துக்கு உள்ளேயா வெளியேயா என்பது மட்டும் தெரியாது. ஊரார் வீட்டையெல்லாம் ஒரு நிமிஷத்தில் தேடிக் கொடுத்த எனக்கு, அந்த ஒரு வீட்டைத் தேட மட்டும் கை வரவில்லை.

கரையோரக் கடை

முதல் பெரிய ஆர்டர் தி.நகரிலிருந்து வந்தது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், அப்பா காலத்திலிருந்தே ஜவுளிக்கடை. புதுக் கடையில் மாடிப்படிச் சுவர் வெறுமையாக இருக்கிறது, அதை நிரப்பப் பழைய மெட்ராஸ் படம் ஏதாவது வேண்டும் என்றார். வரைபடத்தை மேஜையில் விரித்து, உங்கள் கடை இருக்கிற தெரு இதோ என்று விரல் வைத்தேன். விரல் நீலத்துக்குள் இருந்தது. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். அங்கே பெரிய ஏரிதான் இருந்தது, அதைத் தூர்த்துத்தான் நகர் வந்தது என்று நான் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ஆர்டர் போயிற்று என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

கொஞ்ச நேரம் தாடையைத் தடவினார். பிறகு அடுத்த தெருவில் இருக்கும் இன்னொரு ஜவுளிக்கடையைச் சொல்லி, அது எங்கே வருகிறது என்று கேட்டார். தேடிப் பார்த்தால் அது இன்னும் உள்ளே தள்ளி இருந்தது. தீபாவளிச் சரக்கு முழுவதும் விற்றுத் தீர்ந்த திருப்தி அவர் முகத்தில். "அப்ப சரிதான்மா. அவுக நடு ஏரியில இருக்காக, நாம கரையோரந்தானே. நல்லாப் பெருசாவே போட்டுருங்க."

தள்ள வேண்டிய ஏரி

வேளச்சேரிப் பக்கம் மனை விற்றுக்கொண்டிருந்த தரகர் ஒருவர் வந்தார். மனை வாங்க இருந்தவர் எங்கள் படத்தைப் பற்றி யாரிடமோ கேள்விப்பட்டு, அதில் ஒரு நகல் கொண்டு வந்தால்தான் மேற்கொண்டு பேச்சு என்று சொல்லிவிட்டாராம். தரகருக்கு நகல் வேண்டும். ஆனால் ஏரியைக் கொஞ்சம் கிழக்கே தள்ளிப் போட்டுத் தர வேண்டும். ரொம்ப வேண்டாம், ஒரு கட்டைவிரல் அகலம் போதும் என்றார். எங்கள் படத்தில் கட்டைவிரல் அகலம் என்றால் தரையில் நாலு தெரு. கம்ப்யூட்டரில்தானே இருக்கிறது, இழுத்து விட்டால் ஆயிற்று என்று வழியும் சொல்லிக் கொடுத்தார்.

முடியாது என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை. பிழைக்கத் தெரியாதவளைப் பார்க்கிற பரிதாபம்தான் வந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார். "இன்னா மேடம் நீங்க, ஏரியே பாதி எழுந்து போய்க்கினு கீது, பேப்பர்ல தள்ளச் சொன்னா மட்டும் நியாயம் பேசுறீங்க."

எங்காத்துச் சதுரம்

பாங்க்கில் இருந்து ஓய்வுபெற்ற மயிலாப்பூர் மாமா ஒருவர், சேர்ந்தாற்போல் மூன்று நாள் பூதக்கண்ணாடியோடு வந்து உட்கார்ந்தார். அவர்கள் குடும்பம் ஏழு தலைமுறையாக ஒரே தெருவில் இருக்கிறதாம். அந்த வீடு படத்தில் இல்லாமல் இருக்க முடியாது என்பது அவர் கட்சி. வீடுகளுக்குப் பேரெல்லாம் போட்டிருக்காது, குட்டிக் குட்டிக் கறுப்புச் சதுரம்தான் இருக்கும் என்று நான் சொன்னது காதில் ஏறவில்லை. மூன்றாம் நாள் ஒரு சதுரத்தைப் பிடித்துவிட்டார். சந்தேகமே இல்லை என்றார். அந்தச் சதுரத்தை நடுவில் வைத்து இரண்டு பிரதி எடுத்து, பிரேம் போட்டு, ஒன்றை வெளிநாட்டில் இருக்கும் பெண்ணுக்கு அனுப்பி வைத்தார்.

பத்து நாள் கழித்து அந்தப் பெண் போன் பண்ணியிருக்கிறாள். படத்தைப் போட்டோ எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தபோது, சதுரத்தின் பக்கத்தில் இருந்த பொடி எழுத்து தெளிவாகத் தெரிந்துவிட்டது. தெருவில் திரிகிற மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டு அது. மாமா பிரேமை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்குள் வந்ததும் நான் எழுந்தே நின்றுவிட்டேன். அவர் நிதானமாக உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஆணி ஆடுகிறது, அதை மட்டும் சரி பண்ணிக் கொடுங்கள் என்றார். படத்தை மாற்ற வேண்டாமா என்று மெல்லக் கேட்டேன். "என்னத்துக்கு? அடைச்சு வெச்சுண்டிருந்தது மயிலாப்பூர் மாட்டைத்தானே, அப்படியே இருக்கட்டும்."

சோபாவுக்கு ஏற்ற நீலம்

பெசன்ட் நகரிலிருந்து வந்த ஒரு அம்மாளுக்கு ஏரி எங்கே இருந்தது என்பதைப் பற்றிக் கவலையே கிடையாது. அவருடைய ஹாலில் பச்சை சோபா இருக்கிறது. மேலே மாட்டப் போகிற படத்தில் இவ்வளவு நீலம் இருந்தால் எடுபடாது. ஏரிகளை மட்டும் கொஞ்சம் பச்சையாக அடித்துத் தர முடியுமா என்று கேட்டார். பெரிய ஸ்கேனருக்குப் பின்னாலிருந்து தேசிங்கு அண்ணன் தலையை நீட்டினார். இருபது வருஷமாக என்னோடு வேலை பார்க்கிறவர், வாடிக்கையாளர் என்று பார்க்க மாட்டார். "ரெண்டு வருசம் சும்மா வுடுங்கம்மா, ஆகாயத்தாமரை மொளச்சு அதுவே பச்சையாய்டும்."

பனந்தோப்பு

இங்கே எங்கள் தொழில் ரகசியம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இன்றைய தெருக்களைக் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, பழைய படத்தின் மேல் பரப்புவோம். அப்போதும் இப்போதும் ஒரே இடத்தில் இருக்கிற இரண்டு புள்ளிகள் பொருந்திவிட்டால், மற்றதெல்லாம் தானாகப் பொருந்தும். அந்த இரண்டு புள்ளியைக் கண்டுபிடிப்பதில்தான் வேலையே இருக்கிறது. தெரு மாறும், கிணறு மூடிப் போகும், ஏரி இளைத்துவிடும். மலையும் கோயிலும் மட்டும் நகராது என்பது தேசிங்கு அண்ணன் கணக்கு. ஆதம்பாக்கத்துக்கு அவர் எப்போதும் வைத்துக்கொள்ளும் புள்ளிகள் இரண்டு: பரங்கிமலை உச்சி, ஏரிக்கரை அம்மன் கோயில். அப்படித்தான் அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஏழுக்கு வீடு பார்த்துக் கொடுத்திருந்தோம்.

என் தயக்கத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துப் போய், ஒரு மத்தியானம் அவரே என்னைக் கேட்காமல் தாளை அச்சடித்துப் பரப்பிவிட்டுக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். எங்கள் வீடு நீலத்துக்கு வெளியே, கரைக்கு அப்பால், வரிசையாகப் பனங்குடை போட்டிருந்த மேட்டில் இருந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. படமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம் என்று அதுவரை வீம்பாக இருந்த ரகு, சாயந்தரம் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்தார். அந்தக் குடைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாம் தன் ஏற்பாடு மாதிரி என்னைப் பார்த்தார். "எனக்கு முதல்லயே தெரியும். தண்ணிக்குள்ள யாராவது பனை வைப்பாங்களா?"

ஆத்தா மாறிய கதை

அப்போது ஆடி பிறக்க இரண்டு நாள்தான் இருந்தது. ஆடியில் யார் கையெழுத்துப் போடுவார்கள்? ஆவணி முதல் முகூர்த்தத்தில் பத்திரம் முடித்து, புரட்டாசிக்கு முன்னால் பால் காய்ச்சிவிடுவது என்று பேசி முடித்தோம். திரைச்சீலைக்குத் துணிகூட எடுத்துவிட்டேன்.

ஆடி இரண்டாம் வாரம், சாட்சாத் அந்த ஏரிக்கரை அம்மன் கோயில் பூசாரியே கடைக்கு வந்தார். மயிலாப்பூரில் பித்தளை விளக்கு வாங்க வந்தவர், கூழ் ஊற்றுகிற திருவிழாவுக்குப் பந்தல் பிளானையும் பெரிசு பண்ணிக்கொண்டு போகலாம் என்று நுழைந்திருக்கிறார். தேசிங்கு அண்ணனுக்கு ஒரே பெருமை. பூசாரியைச் சுவருக்குப் பக்கத்தில் அழைத்துப் போய், உங்கள் கோயில் அந்தக் காலத்துப் படத்திலேயே இருக்கிறது என்று கோபுரக் குறியைக் காட்டினார். பூசாரி படத்தைப் பார்த்தார், ஏரியைப் பார்த்தார், மெதுவாகத் தலையை ஆட்டினார். "படம் சரியாத்தான் கீது நைனா, ஆத்தாதான் இப்ப அங்க இல்ல. கரைய இடிச்சு ரோடு போட்டப்போ எங்கப்பாதான் தலைல தூக்கிக்கினு வந்து இந்தாண்ட வச்சாரு."

பால் காய்ச்சியவர்கள்

பூசாரி தெருவைத் தாண்டுவதற்குள் தேசிங்கு அண்ணன் தாளை எடுத்துவிட்டார். அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, கோயிலுக்குப் பதிலாகப் பழைய ரயில் பாதையின் வளைவை வைத்துப் பொருத்தினார். எங்கள் வீடு பனந்தோப்பை விட்டுக் கிளம்பி, கரையைத் தாண்டி, நீலத்துக்குள் இறங்கி, மதகுக்குப் பக்கத்தில் போய் நின்றது. வயலுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற இடம் மதகு. ஏரியில் தண்ணீர் கடைசியாக வற்றுவது அங்கேதான். அண்ணன் என் முகத்தைப் பார்க்காமல் ஸ்கேனரைத் துடைக்கப் போய்விட்டார்.

என் வீட்டுக்கு அழுவதற்கு முன் இன்னொரு வேலை இருந்தது. அந்த ஏழு குடும்பத்துக்கும் போன் பண்ணி, தப்பு எங்கள் பேரில்தான், உங்கள் வீடு நாங்கள் சொன்ன இடத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும். இதைவிடக் கஷ்டமான வேலையை நான் பார்த்ததில்லை. ஒருவர் வாய்க்கு வந்தபடி திட்டினார். நியாயம்தான், வாங்கிக்கொண்டேன். இரண்டு பேருக்கு வீடு நீலத்திலிருந்து வெளியே வந்திருந்தது. அவர்கள் ஸ்வீட் வாங்கிக்கொண்டு வருகிறோம் என்றார்கள். இன்னொருவர் வேறு ஏதாவது கோயிலை வைத்துப் பார்க்க முடியாதா என்று கெஞ்சினார். கடைசி ஆள், நான் சொன்ன எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டார். "பால் காய்ச்சியாச்சு மேடம். இனிமே நீங்க ஏரியை எங்க வேணா வச்சுக்கோங்க."

நீலம் இல்லாத இடம்

ரகுவிடம் சொல்ல எனக்கு மூன்று நாள் ஆயிற்று. சனிக்கிழமை அவரைக் கடைக்கு வரச் சொல்லி, புதுத் தாளைப் பரப்பினேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்தார். ஒரு வருஷமாக நாங்கள் பார்த்துவிட்டு வந்த வீடுகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லி, படத்தில் புள்ளி வைக்கச் சொன்னார். வேளச்சேரியில் பார்த்த இரண்டு, மடிப்பாக்கத்தில் பார்த்த மூன்று, ஆதம்பாக்கத்திலேயே வேறு நாலு. நான் வைக்க வைக்க அவர் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஒன்று ஏரிக்குள், இல்லாவிட்டால் ஏரிக்குத் தண்ணீர் வருகிற கால்வாயில். நல்ல மேட்டில் இருந்தவை இரண்டே இரண்டு. இரண்டும் மயிலாப்பூரில், வாங்க முடியாது என்று தெரிந்தே சும்மா ஆசைக்கு ஏறிப் பார்த்துவிட்டு வந்தவை.

இத்தனை நாள் அடுத்தவர்கள் வீடு நீலத்தில் விழுந்தபோதெல்லாம் உள்ளூரச் சிரித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ரகு பென்சிலை வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். வகுப்பில் விடை சொல்கிற குரலில்தான் சொன்னார். "நமக்குக் கட்டுப்படியாகிற வீடெல்லாம் தண்ணியில இருக்கு. காய்ஞ்ச இடத்துல வேற யாரோ இருக்காங்க."

மேல் வீட்டுக் கதவு

மறுநாள் காலையில் இரண்டு பேரும் அந்த வீட்டுக்கு மறுபடி போனோம். இந்த முறை சமையலறை மேடை, ஜன்னல் திசை எதையும் பார்க்கவில்லை. தரைத் தளத்தில் இருந்த கீழ் வீட்டுக் கதவைத் தட்டி, பெரிய மழை வந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டோம். மல்லிகா என்று பேர், வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள், இரண்டு பெண் குழந்தைகள். அவள் மறைக்கவில்லை. காம்பவுண்டு சுவரில் பெயிண்ட் நிறம் மாறுகிற கோட்டைக் காட்டினாள். என் மார்பு உயரம். மாடிக்கு ஒரு சொட்டு வரவில்லை, ஆனால் நாலு நாள் கரண்ட் இல்லை, படகு வந்தது என்றாள். என்னிடம் ஒரு பழைய படம் இருக்கிறது, அதில் இந்த இடம் ஏரி என்று நான் ஆரம்பித்தேன். அதற்குப் படம் வேறு வேண்டுமா என்பது போலப் பார்த்தாள்.

திரும்பி வருகிற வழியில் ரயிலில் ரகு, மாடிக்குத் தண்ணீர் வரவில்லை, மேட்டில் வாங்கப் பணமும் இல்லை என்று விரல் விட்டு எண்ணினார். ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையெழுத்துப் போட்டோம். கண்ணைத் திறந்துகொண்டுதான் போட்டோம், அந்த அளவுக்குப் படம் உதவியது. பால் காய்ச்சிய அன்று வந்தவர்கள் எல்லோரும் காற்றைப் புகழ்ந்தார்கள். தேசிங்கு அண்ணன் பால்கனியில் நின்று பரங்கிமலை அங்கேயே இருக்கிறதா என்று ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார்.

எல்லோரும் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு மல்லிகா மேலே வந்தாள். காப்பியை வாங்கிக்கொண்டாள், ஆனால் உட்காரவில்லை. ஹாலின் அகலத்தைக் கண்ணால் அளந்தாள், பரணைப் பார்த்தாள், வாசல் கதவைத் திறந்து மூடிப் பார்த்தாள். என்ன தேடுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு, படியில் ஒரு கால் வைத்தபடி கேட்டாள். "அந்த மழைல ரெண்டு புள்ளைங்களயும் தூக்கிக்கினு இந்தக் கதவைத்தான் தட்டினேன், அப்ப இருந்தவங்க திறக்கல. நீங்க திறப்பீங்கல்லக்கா?"

ஆக, ஊரார் வீடெல்லாம் ஏரியில் இருக்கிறது என்று சொல்லியே பிழைத்த நான், மதகு ஓரமாகப் பார்த்து ஒரு வீட்டை வாங்கி, அதன் இரண்டாவது சாவியைக் கீழ் வீட்டில் கொடுத்துவிட்டு, மல்லிகாவின் தையல் மெஷினுக்கு ஹாலில் இடம் ஒழித்துக்கொண்டிருக்கிறேன்.